நாணயம் சுண்டி வளையி தந்தவர்

கணினித் திரையிலே இகரத்தைப் பன்மடங்கு பெருப்பித்துக் காட்டியபோது, அதன் சுழி சிறிதும் சிதையாது ஒப்பமாகவே நின்றது. இஃது எவ்வாறு என்று மாணவன் ஒருவன் வினவினான். அவனுக்கு விடை கூறப் புகுந்த நான், சேர்கி பேர்ண்ஸ்ரைனின் வாழ்க்கைக்கு வந்து சேர்ந்தேன். கணிதம் கற்றோர் அறிந்த பெயரே. ஆயினும் பெயருக்கு அப்பால் நாம் செல்வதில்லை.

ஒடெஸா நகரிலே 1880ஆம் ஆண்டு மருத்துவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். பாரிஸ் சென்று கற்றார். 1900இல் ஹில்பேட் கணித உலகின்முன் வைத்த புதிர்களுள் பத்தொன்பதாவதைத் தீர்த்து, 1904இல் சோர்போனிலே கலாநிதிப் பட்டம் பெற்றபோது வயது 24. தாய்நாடு அவரைக் கொண்டாடியிருக்க வேண்டாமா? ருஷ்யாவோ பிறநாட்டுப் பட்டத்தைப் பல்கலைக்கழகப் பதவிக்குத் தகுதியாக ஏற்கவில்லை. கார்கோவிலே முதுமாணிப் பட்டத்திலிருந்து மீண்டும் தொடங்கி, 1913இல் இரண்டாம் முறையாகக் கலாநிதியானார்.

அதற்கு முந்திய ஆண்டில் மிகச் சிறிய கட்டுரையொன்றை வெளியிட்டார். தொடர்ச்சியான எந்தச் சார்பையும் பல்லுறுப்பியொன்றினால் வேண்டிய அளவுக்கு அண்ணளவாக்கலாம் என்று வையர்ஸ்திராஸ் 1885இல் நிறுவியிருந்தார். பேர்ண்ஸ்ரைன் அதனை நிறுவியது நாணயம் சுண்டி! நாணயத்தை மூன்று முறை சுண்டினால், தலை ஒருமுறையும் விழாமை, ஒருமுறை, இருமுறை, மும்முறை விழுதல் ஆகியவற்றின் நிகழ்தகவுகள் முறையே 1/8, 3/8, 3/8, 1/8. தலை விழும் வாய்ப்பை 0 முதல் 1 வரை மாற்றிச் செல்ல இவையும் மாறும். இவற்றையே நிறைகளாகக் கொண்டு, சம இடைவெளிகளில் எடுத்த சார்பின் பெறுமானங்களுக்குச் சராசரி கண்டார். சுண்டும் தடவைகள் பெருகப் பெருக, அச்சராசரி சார்பையே சென்றடையும்.

அழகிய நிறுவல்; ஆனால் கணிப்போர்க்குப் பயன்படவில்லை. ஆமை வேகம்! ஓர் எண்ணின் வர்க்கம் என்னும் எளிய சார்பையே ஆயிரத்தில் ஒரு பங்கு வழுவுக்குள் அடக்க 250ஆம் படிப் பல்லுறுப்பி வேண்டும். எனவே பாடநூலில் வாழ்ந்தது; பட்டறைக்குப் போகவில்லை.

பட்டறையே அதனைத் தேடி வந்தது. பிரான்சிலே சித்ரோவன் மோட்டார்க் கார் நிறுவனத்தில் 1958இல் சேர்ந்த த காஸ்தெல்ஜோ என்னும் இளங்கணிதர், காரின் வளைந்த உடலை எண்களால் எழுத முனைந்தார். நான்கு புள்ளிகளைக் குறித்து, பேர்ண்ஸ்ரைனின் நிறைகளை அவற்றுக்கு இட்டுச் சராசரி கண்டால் ஒப்பமான வளையியொன்று பிறக்கும். முதற்புள்ளியில் தொடங்கிக் கடைப்புள்ளியில் முடியும். இடையிரண்டும் பொதுவாக அதனைத் தம்பால் இழுக்குமேயன்றித் தம்மீது செல்ல விடா. வளையியின் நடுவிடத்து நிறைகள், நாம் மேலே கண்ட அதே 1/8, 3/8, 3/8, 1/8. நிறைகள் எவையும் மறையாவதில்லை. கூட்டுத்தொகை என்றும் ஒன்று. ஆதலால் புள்ளியொன்றை நகர்த்தினால் வளையி பணிந்து வளையும், துள்ளாது, புள்ளிகள் வகுத்த எல்லையைத் தாண்டாது. கணிப்போர் மந்தம் என்று ஒதுக்கிய அடக்கத்தையே வரைவோர் விரும்பினர் என்பேன். மேற்பரப்பு வேண்டுமாயின் நான்கு வரிசையில் நான்காகப் பதினாறு புள்ளிகள்.

சித்ரோவன் இம்முறையை இரகசியமாகக் காத்தது. ரெனோ நிறுவனத்துப் பெசியே வேறு வழியால் அதே வளையிகளை அடைந்து, அவற்றை வெளியிட்டமையால் அவர் பெயரே நிலைத்தது. என் மாணவன் கண்ட சுழியும் இத்தகைய சில புள்ளிகளாகவே சேமிக்கப்பட்டிருக்கிறது. பெருப்பிக்குந்தோறும் வளையி புதிதாகக் கணிக்கப்படுகிறது. சிதைவு எங்கிருந்து வரும்?

பேர்ண்ஸ்ரைன் பின்னாளில் லெனின்கிராட்டிலும் மொஸ்கோவிலும் பணியாற்றினார். உலகப் போரின்போது கசகஸ்தானிலே தங்க நேர்ந்தது. 1968 ஒக்டோபரில் மொஸ்கோவிலே காலமானார். பெசியேயின் வளையிகள் 1912ஆம் ஆண்டுப் பல்லுறுப்பிகளே என்பதை ஃபொரஸ்ட் என்னும் அறிஞர் அச்சிலே விளக்கியபோது ஆண்டு 1972.