சொல்லில் தீட்டிய திருக்குடும்பம்

ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலத்து ஓவியர்கள் பெரிதும் விரும்பித் தீட்டிய காட்சிகளுள் ஒன்று திருக்குடும்பம். குழந்தை இயேசு, தாய் மரியாள், வளர்ப்புத் தந்தை சூசை ஆகியோருடன் புனிதர் சிலரையும் சேர்த்து எண்ணெய் வண்ணத்தில் வரைவர். கதை நிகழ்ந்தது யூதேயா நாட்டில். படத்தின் பின்புலத்தில் தெரிவதோ பெரும்பாலும் ஓவியர் அறிந்த சொந்த மண். அந்தத் திருக்குடும்பத்தைத் தூரிகை தொடாமல், தமிழ்ச் சொல்லால் தீட்டிக் காட்டியவர் வீரமாமுனிவர்.

கான்ஸ்டன்சோ ஜோசப் பெஸ்கி என்பது அவரது இயற்பெயர். 1680ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 8ஆம் நாள், வட இத்தாலியில் மாந்துவா நகரை அடுத்த காஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்தார். மாந்துவா, ஓவியர் மாந்தேனியா வாழ்ந்து மறைந்த நகரம். அவர் வரைந்த திருக்குடும்ப ஓவியம் ஒன்று, அவர் உடல் துயிலும் சிற்றாலயத்தில் இன்றும் உள்ளது. அத்தகைய கலைவளம் மிக்க நாட்டிலிருந்து இயேசு சபைத் துறவியாகப் புறப்பட்ட பெஸ்கி, கோவா வழியாகத் தமிழகம் வந்தார். வந்த சில ஆண்டுகளுக்குள், 1714-15இல் எழுந்த எதிர்ப்பில் மரண தண்டனையிலிருந்து தப்பினார். ஆயினும் தாயகம் திரும்ப எண்ணினாரில்லை. முப்பது வயதுக்கு மேல் தமிழகத்தில் கால் வைத்தவர், சுப்பிரதீபக் கவிராயரிடம் தமிழ் பயின்று புலவரானார்.

தஞ்சைக்கு வடக்கே, கொள்ளிடத்தின் வடகரையில் உள்ளது ஏலாக்குறிச்சி. அவ்வூரைத் திருக்காவலூர் என்றழைத்து, அங்குள்ள அடைக்கல மாதா மீது கலம்பகம் பாடினார். கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதாவைத் தமிழ்ப் பெண்ணின் கோலத்தில் எழுந்தருளச் செய்தார்.

1726இல் நிறைவுற்ற தேம்பாவணியோ 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட பெருங்காப்பியம். மேலைநாட்டு ஓவியங்கள் பலவற்றில் சூசை முதியவராக, ஒரு மூலையில் நிழலோடு நிழலாக நிற்பார். முனிவரோ அவருக்கு வளன் என்று பெயர் சூட்டி, காப்பியத் தலைவராகவே நடுவில் நிறுத்தினார். தச்சுத்தொழில் செய்து குடும்பம் காத்த எளிய மனிதர், மன்னர்க்குரிய இடத்தைப் பெற்றார். யூதேயா நாட்டைப் பாடும்போதும், தமிழ்க் காப்பிய மரபுப்படி மழை பொழிகிறது, வெள்ளம் பெருகுகிறது, வயல்கள் விளைகின்றன. காவிரிப் படுகையில் பிறந்த நமக்கு அந்நாடு அயல்நாடாகத் தோன்றுவதில்லை.

தொன்னூல் விளக்கம், சதுரகராதி, பரமார்த்த குருவின் கதை என அவர் அளித்த செல்வங்கள் பல. எகர ஏகார, ஒகர ஓகார எழுத்துகளை வேறுபடுத்திக் காட்டும் சீர்திருத்தத்தையும் அவர் செய்தார். 1747இல் மறைந்த அவருக்கு, 1968இல் சென்னைக் கடற்கரையில் சிலை எழுப்பப்பட்டது.

மாணவ நண்பர்களே! பிற நாட்டுக் கலைச்செல்வங்களைத் தமிழுக்குக் கொணர விரும்புவோர் நம்மிடையே பலர் உளர். பெயரை மட்டும் மாற்றினால் அவை நம்முடையவை ஆகிவிடா. நம் மண்ணையும் மரபையும் ஆழக் கற்ற பின்னரே முனிவர் எழுதுகோலை எடுத்தார். அவ்வுழைப்பே நாம் அவரிடம் கற்க வேண்டிய முதற் பாடம்.