நட்டாலத்து இல்லறப் புனிதர்

புனிதர் என்றவுடன் அங்கி அணிந்த குருக்களும் முக்காடிட்ட கன்னியருமே நம் மனக்கண்முன் தோன்றுகின்றனர். மனைவி, வீடு, அரசு உத்தியோகம் என்று நம் தந்தையரைப் போல் வாழ்ந்த ஒருவரைப் பீடத்தில் காண்பது அரிது. அத்தகைய ஒருவர் நம் தமிழ் மண்ணிலேயே பிறந்தார். அவர்தாம் தேவசகாயம்.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நட்டாலத்தில் 1712 ஏப்ரல் 23 அன்று, வசதியான இந்துக் குடும்பத்தில் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் நீலகண்டன். வளர்ந்து, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் பணியில் அமர்ந்தார். பார்கவி என்னும் நங்கையை மணந்தார். பின்னர் குடும்பத்தில் இழப்புகள் தொடர்ந்தன, மனம் சோர்ந்தார்.

1741-ல் குளச்சல் போரில் பிடிபட்டு, பின் அதே மன்னரின் படைத்தலைவரானவர் டச்சுக்காரரான டிலனாய். நண்பரின் முகவாட்டத்தைக் கண்ட அவர், எல்லாம் இழந்தும் இறைவனை விடாத யோபுவின் வரலாற்றை எடுத்துரைத்தார். இறையருள் உடன் பணிபுரிந்தவரின் ஆறுதல் பேச்சாக வந்தது! திருமுடிவாக்கத்துத் தொழிற்பேட்டையில் உணவு இடைவேளையில் நம் தந்தையர் பேசிக்கொள்வதும் இப்படித்தானே.

1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குரு புத்தாரியிடம் திருமுழுக்குப் பெற்றார். லாசர் என்பது திருமுழுக்குப் பெயர். அதன் பொருளே தேவசகாயம். மனைவியும் ஞானப்பூ என்ற பெயருடன் திருமறையில் சேர்ந்தார். உறவினரின் சினத்தை அந்த அம்மையாரும் பங்கிட்டுக்கொண்டார் என்பதை ஏனோ பலர் சொல்ல மறந்துவிடுகின்றனர்.

உயர்சாதியில் பிறந்த தேவசகாயம், எல்லா மனிதரும் சமமே என்று போதித்தார். தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்டோருடன் கலந்து பழகினார், உணவும் உண்டார். எங்கள் எண்ணத்தில், துப்பாக்கிக் குண்டை ஏற்றதைவிட இதுவே கடினம். குண்டு ஒரு நாள் வந்தது. பந்தியோ நாள்தோறும் வந்தது. அந்நாளில் சாதி கடந்த பழக்கம் பெருங்குற்றம். பகை வளர்ந்தது.

1749-ல் சிறைப்பட்டார். எருமை மீது பின்புறமாக அமர்த்தி ஊர் ஊராக இழுத்துச் சென்றனர், அடித்தனர், காயங்களில் மிளகாய்ப்பொடி தேய்த்தனர் என்று மரபு கூறுகிறது. மதத்தைக் கைவிட்டால் பழைய பதவி கிடைக்கும், அவர் இசையவில்லை. பெருவிளையில் மரத்தடியில் கட்டுண்டு கிடந்தபோதும், தம்மைத் தேடி வந்தோருக்காகச் செபித்தார். மூன்று ஆண்டு நெருங்கும் துன்பத்திற்குப் பின், 1752 சனவரி 14 அன்று, ஆரல்வாய்மொழிக் காட்டாடிமலையில் வீரர்கள் அவரைச் சுட்டுக் கொன்றனர். அப்போது அவருக்கு வயது 39.

அவர் உடல் கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. 2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில் அருளாளர் பட்டமும், 2022 மே 15 அன்று உரோமையில் திருத்தந்தை பிரான்சிசால் புனிதர் பட்டமும் பெற்றார். இந்தியப் பொதுநிலையினருள் முதற்புனிதர் அவரே. அன்று, நெடுங்காலம் அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பட்டத்தை விட்டுவிட்டு, வெறும் தேவசகாயம் என்றே அழைத்தது திருச்சபை.