திருத்தணிகை தந்த நல்லாசான்

குன்றின் மேல் முருகன் கோயில் கொண்ட தலம் என்று திருத்தணியை உலகம் அறியும். நல்லாசிரியர் ஒருவரைப் பெற்றெடுத்த ஊர் என்றும் நாம் பெருமை கொள்ளலாம். 1888ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள், எளிய தெலுங்குக் குடும்பம் ஒன்றில் இங்கே பிறந்தவர் டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன்.

திருப்பதி லுத்தரன் மிஷன் பள்ளியிலும், வேலூர் ஊரீஸ் கல்லூரியிலும், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் உதவித்தொகை பெற்றுப் பயின்றார். அந்நாளில் மிஷனரி ஆசிரியர்கள் சிலர் இந்து சமயத்தைக் குறைகூறிப் பேசியது அவரது இளம் உள்ளத்தை வருத்தியது. அவ்வருத்தத்தை அவர் பகையாக வளர்க்கவில்லை, படிப்பாக மாற்றினார். தம் சமய நூல்களை ஆழ்ந்து கற்று, வேதாந்தத்தின் அறநெறி பற்றி ஆய்வுரை எழுதினார். பேராசிரியர் ஏ. ஜி. ஹாக் தாமும் ஒரு மிஷனரியாக இருந்தும், மாணவரின் கருத்து வேறாயிற்றே என்று எண்ணாமல் மனமாரப் பாராட்டினார். 1908இல் அவ்வாய்வுரை நூலாக வெளிவந்தது. ஆசிரியரின் சொல் மாணவர் நெஞ்சில் எவ்வளவு ஆழமாகப் பதிகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

1909இல் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆசிரியப் பணி ஏற்றார். 1918இல் மைசூர் மகாராஜா கல்லூரிக்குச் சென்றார். 1921இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் அழைக்கவே, மைசூரை விட்டுப் புறப்பட்டார். அன்று மாணவர்கள் மலர்களால் வண்டியை அலங்கரித்து, குதிரைகளை அவிழ்த்துவிட்டு, தாங்களே இரயில் நிலையம் வரை இழுத்துச் சென்றனர். பிரம்புக்கு அஞ்சி வகுப்பில் வாய்மூடி இருப்போர் உண்டு. பிரம்புக்கு அஞ்சி எவரும் இப்படி வண்டி இழுத்ததில்லை. அது அன்புக்குக் கிடைத்த கீழ்ப்படிதல்.

1962 முதல் 1967 வரை அவர் குடியரசுத் தலைவராக விளங்கினார். தம் பிறந்த நாளைக் கொண்டாட விரும்பியோரிடம், அதனை ஆசிரியர் தினமாகக் கொண்டாடுமாறு வேண்டினார். 1975 ஏப்ரல் 17ஆம் நாள் சென்னையில் மறைந்தார்.

வகுப்பில் நாம் அடம்பிடிக்கும் வேளையில், அதட்டுவதற்கு முன் நம் முகவாட்டத்தைக் கவனிக்கும் ஆசிரியைகளை நாம் அறிவோம். அவர்கள் களைத்திருக்கும் வேளையை நாமும் கவனிக்கிறோமா? ஆண்டுக்கொருமுறை மலர் கொடுப்பதோடு நில்லாமல், நாள்தோறும் நன்னடத்தையையும் காணிக்கையாக்குவோம்.