சேரியில் எழுந்த தாளம்: பாப் மார்லியின் வாழ்வு

கம்பம் பள்ளத்தாக்கின் இளைஞர்களுக்குப் பறையும் உறுமியும் புதியன அல்ல. அவ்வொலி கேட்டு ஊரே ஆடியதையும், அடித்த கைகளை அவ்வூரே தாழ்வாக நோக்கியதையும் நாம் அறிவோம். கடல் கடந்த ஜமைக்காத் தீவிலும் இகழப்பட்ட மக்களிடமிருந்தே ஓர் இசை எழுந்தது. அதனை உலகறியச் செய்தவர் பாப் மார்லி.

இராபர்ட் நெஸ்டா மார்லி 1945 பிப்ரவரி 6ஆம் நாள் நைன் மைல் என்னும் மலைச் சிற்றூரில் பிறந்தார். அன்னை செடெல்லா, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொணரப்பட்டோரின் வழிவந்தவர். தந்தை வெள்ளையர்; மகனுடன் வாழ்ந்தாரல்லர். அன்னையுடன் கிங்ஸ்டன் நகரம் சென்ற மார்லி, டிரெஞ்ச் டவுன் சேரியில் வளர்ந்தார். இளமையிலேயே பள்ளியை விட்டு, வெல்டிங் தொழில் பழகினார்.

ஆயினும் கற்பிப்பார் இல்லாமற் போகவில்லை. அச்சேரியில் வாழ்ந்த பாடகர் ஜோ ஹிக்ஸ், ஏழைப் பிள்ளைகளுக்குக் காசு பெறாது இசை கற்பித்தார். மார்லியும் பீட்டர் டோஷும் பன்னி வெயிலரும் அவரிடம் குரலோடு குரல் இழைத்துப் பாடப் பயின்றனர்.

1962இல் ஜமைக்கா விடுதலை பெற்றது. அக்காலத்தே தழைத்த இசைதான் ‘ஸ்கா’. உள்நாட்டு ‘மெண்டோ’ இசையும், வானொலி வழி வந்த அமெரிக்கக் கறுப்பினத்தார் இசையும் கலந்து பிறந்தது அது. எண்ணிக்கை விழும் இடத்தில் அன்றி, இரண்டு எண்ணிக்கைகளுக்கு நடுவே கிதாரும் பியானோவும் வெட்டி ஒலிக்கும். கேட்பவர் கால் தானே துள்ளும். சேரி இளைஞரைச் சினம் தணியுமாறு வேண்டிய ‘சிம்மர் டவுன்’ என்னும் ஸ்காப் பாடலால் 1964இல் மார்லியின் ‘வெயிலர்ஸ்’ குழு தீவெங்கும் புகழ் பெற்றது. அவர்களுக்குப் பின்னணி இசைத்த ‘ஸ்காடலைட்ஸ்’ குழுவைத் தொடங்கியோருள் நால்வர், ஆதரவற்ற சிறுவர்க்காகக் கத்தோலிக்கக் கன்னியர் நடத்திய ஆல்ஃபா பள்ளியில் இசை கற்றவர்கள்.

1966 அளவில் அத்தாளம் நிதானம் கொண்டு ‘ராக்ஸ்டெடி’ ஆயிற்று. 1968 அளவில் ‘ரெகே’ ஆயிற்று. ரெகேயில் மார்லி அடிமை வரலாற்றையும் விடுதலை வேட்கையையும் பாடினார். 1976 டிசம்பர் 3இல் துப்பாக்கியால் சுடப்பட்டும், இரண்டே நாளில் மேடையேறிப் பாடினார். 1978இல் பகைத்து நின்ற அரசியல் தலைவர் இருவரின் கைகளை மேடையில் இணைத்தார். 1980இல் ஜிம்பாப்வேயின் விடுதலை விழாவில் பாடினார். 1981 மே 11இல், 36ஆம் அகவையில் புற்றுநோயால் மறைந்தார்.

நம் பண்ணைப்புரத்து இளையராஜாவும் தமையனார் பாவலர் வரதராஜனின் குழுவோடு ஊர் ஊராகச் சென்று பழகியவரே. ஆற்றல் எக்குடிலிலும் பிறக்கும். அதனை வளர்க்க ஆசான் வேண்டும். வெள்ளி விழாக் காணும் கல்விச் சங்கத்தில் பயின்ற இளைஞர்களே, மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். உங்கள் தெருப் பிள்ளைகளுக்கு நீங்களே ஜோ ஹிக்ஸ் ஆகுங்கள்.