விமானத்தின் ரகசியம் இன்ஜினில் இல்லை! வில்பர் ரைட் கண்டுபிடித்தது என்ன?

விமானத்தைக் கண்டுபிடித்தது யார்னு கேட்டால், ரைட் சகோதரர்கள்னு பட்டுனு சொல்லிடுவோம். ஆனால், அவர்கள் வாங்கிய முக்கியமான காப்புரிமை இன்ஜினுக்கானது அல்ல. விமானத்தைக் கட்டுப்படுத்தும் முறைக்கானது! அந்த யோசனை எங்கிருந்து வந்தது?

உயிரைப் பறித்த காற்று

1867-ல் அமெரிக்காவில் பிறந்தவர் வில்பர் ரைட். கல்லூரிப் பட்டம் கிடையாது. தம்பி ஆர்வில்லுடன் சேர்ந்து டேட்டன் நகரில் சைக்கிள் கடை நடத்தினார்.

1896-ல் ஜெர்மனியின் ஓட்டோ லிலியந்தால், கிளைடரில் இருந்து விழுந்து இறந்தார். உடலை முன்னும் பின்னும், இடமும் வலமும் அசைத்துத்தான் அவர் கிளைடரைச் சமாளித்து வந்தார். காற்று திடீரென மாறினால் அது போதாது. பறப்பதைவிட, காற்றில் நிலை தடுமாறாமல் இருப்பதுதான் பெரிய சிக்கல் என்று வில்பருக்குப் புரிந்தது.

கைகொடுத்த அட்டைப்பெட்டி

சைக்கிள் தானாக நிற்காது, ஓட்டுபவர்தான் விழாமல் பார்த்துக்கொள்ளணும். விமானமும் அப்படித்தான் என்று நினைத்தார் வில்பர். 1899-ல் கடையில் இருந்த டியூப் பெட்டியைக் கையால் முறுக்கியபோது பொறி தட்டியது. இறக்கைகளையும் இப்படி முறுக்கினால், ஒரு பக்கம் தூக்கும், மறுபக்கம் தாழும்!

ஆனால் கிளைடரில் செய்து பார்த்தால் புதுச் சிக்கல். தூக்கும் இறக்கையில் காற்றின் இழுவையும் கூடியதால், மூக்கு எதிர்ப்பக்கம் திரும்பியது. சில நேரம் கிளைடர் சுழன்று மணலில் மோதியது. 1902-ல் திருப்பக்கூடிய வால் சுக்கானைச் சேர்த்ததும் பிரச்னை தீர்ந்தது. சாய்வது, மூக்கை ஏற்றி இறக்குவது, இடம் வலம் திருப்புவது என மூன்றும் விமானியின் கைக்கு வந்தன. அதன் பிறகுதான் இன்ஜினையே பொருத்தினார்கள்.

59 வினாடிகள்

1903 டிசம்பர் 17. முதலில் ஆர்வில் 12 வினாடிகள் பறந்தார். அன்றைய நான்காவது முயற்சியில் வில்பர் 59 வினாடிகளில் சுமார் 260 மீட்டர் தூரம் சென்றார். 1908-ல் பிரான்ஸின் லெ மான் அருகே, விமானத்தைச் சாய்த்து வட்டமடித்துக் காட்டினார். அதுவரை நம்பாதவர்களும் அசந்துபோனார்கள்.

அதன்பின் காப்புரிமை வழக்குகளிலேயே அவரது நேரம் பெருமளவு கரைந்தது. 1912 மே 30 அன்று, டைபாய்டு காய்ச்சலால் 45 வயதில் காலமானார்.

இன்றும் அதே பாடம்

ரைட் விமானத்தின் மூக்கு ஒரு நிலையில் நிற்காது. விமானி கையை எடுக்காமல் திருத்திக்கொண்டே இருக்கணும். நம்ம தேஜஸ் போர் விமானத்தையும், வேகமாக வளைந்து திரும்புவதற்காக, வேண்டுமென்றே நிலையற்றதாகத்தான் வடிவமைத்திருக்கிறார்கள். அதை நொடிக்கு நொடி திருத்துவது கணினி. அன்று வில்பரின் கை செய்த வேலை அது!