மோல் கணக்குக்குப் பின்னாடி இருக்கிற வக்கீல்!

இருக்கன்குடியிலிருந்து சாத்தூருக்கோ சிவகாசிக்கோ பஸ் ஏறிப் பள்ளிக்கூடம் போகிற ஆளா நீங்க? அப்போ வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர்னு சொன்னா உங்களுக்கு விளக்கம் தேவையில்லை. நம்ம ஊர்ல பாதிப் பேர் வீட்டுச் சோறு அதுலதான் வேகுது. ஆனா அதே அலுமினியம் பத்தாம் வகுப்பு கேள்வித்தாளில் '54 கிராம் அலுமினியத்தில் எத்தனை மோல்?' என்று வந்து நின்னா மட்டும் கை நடுங்கும். அந்த நடுக்கத்துக்குக் காரணமானவரைப் பற்றித்தான் இந்தக் கதை.

அமேடியோ அவகாட்ரோ. 1776 ஆகஸ்ட் 9, இத்தாலியின் டூரின் நகரத்தில் பிறந்தவர். வக்கீல் குடும்பம். 20 வயசிலேயே திருச்சபைச் சட்டத்தில் டாக்டர் பட்டம் வாங்கி, கறுப்புக் கோட்டு வாழ்க்கைக்குள் போயிட்டார். கெமிஸ்ட்ரி அவர் படிச்ச படிப்பே இல்லை! 1800 வாக்கில்தான் கணக்கையும் இயற்பியலையும் தானாகப் படிக்க ஆரம்பிக்கிறார். 1809-ல் வெர்செல்லி என்ற சின்ன ஊரில் ஆசிரியர் வேலை. பாரிஸ், லண்டன் விஞ்ஞானிகள் கண்ணில் படாத இடம்.

அங்கே உட்கார்ந்துதான் ஒரு புதிரை அவிழ்த்தார். இரண்டு பங்கு ஹைட்ரஜனும் ஒரு பங்கு ஆக்சிஜனும் சேர்ந்தால் இரண்டு பங்கு நீராவி வரும். இது சோதனையில் தெரிஞ்ச விஷயம். இங்கேதான் சிக்கல். நீராவியின் ஒவ்வொரு துகளிலும் ஆக்சிஜன் இருக்கணும். ஆக்சிஜன் துகள் ஒத்தை அணுவா இருந்தா, ஒரு பங்கு எப்படி இரண்டு பங்கு நீராவிக்குப் போதும்? அணுவை வெட்ட முடியாதே! அவகாட்ரோ 1811-ல் பிரெஞ்சு இதழ் ஒன்றில் பதில் எழுதினார். ஒரே வெப்பநிலை, ஒரே அழுத்தத்தில் சம அளவு வாயுக்களில் சம எண்ணிக்கையில் மூலக்கூறுகள் இருக்கும். ஆக்சிஜன் ஒத்தை அணு இல்லை, ஜோடி. அந்த ஜோடி பிரிஞ்சு ஆளுக்கு ஒண்ணாப் போயிடுது. அவ்வளவுதான் விஷயம்.

யாரும் கண்டுக்கலை. அணுக் கொள்கையைக் கொண்டுவந்த டால்டனே ஏத்துக்கலை. ஒரே வகை அணுக்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது என்பது அன்றைய நம்பிக்கை. இன்னிக்கு ரெண்டு மதிப்பெண் கேள்வியா இருக்கிற விஷயத்துக்கு அன்னிக்கு அரை மார்க்கூட கிடைக்கலை!

1820-ல் டூரின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். அடுத்த வருஷமே அந்த நாட்டில் அரசுக்கு எதிராகக் கிளர்ச்சி. கொஞ்ச காலத்தில் பதவி போச்சு. திரும்பக் கிடைக்கப் பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. அதுக்குப் பிறகு 1850 வரை அமைதியாகப் பாடம் நடத்தினார். ஆறு பிள்ளைகளுக்கு அப்பா. 1856 ஜூலை 9-ல் இறந்தபோது, அவர் சொன்னது சரி என்று உலகம் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

நாலே வருஷம். 1860 செப்டம்பரில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் வேதியியலாளர்கள் கூடினார்கள். ஆளுக்கொரு அணு நிறை வெச்சிருந்த காலம் அது. கனிசாரோ என்ற இன்னொரு இத்தாலியர் அவகாட்ரோவின் பழைய யோசனையை எடுத்து வைக்க, குழப்பம் தெளிய ஆரம்பித்தது. கேட்டவர்களில் மெண்டலீவும் ஒருவர். தனிம அட்டவணைக்கு அங்கேதான் அஸ்திவாரம்.

இன்னொரு ஆச்சர்யம்... 'அவகாட்ரோ எண்'ணை அவகாட்ரோ கண்டுபிடிக்கவே இல்லை. அவருக்கு அது தெரியவும் தெரியாது. 1909-ல் பிரான்ஸின் ழான் பெர்ரின் தான் அளந்த எண்ணுக்கு மரியாதையாக அவர் பெயரை வெச்சார். 2019-ல் அது 6.02214076 × 10²³ என்று நிரந்தரமாக நிர்ணயிக்கப்பட்டது.

சரி, கேள்விக்கு வருவோம். ஹார்டுவேர் கடையில் ஆணியை எண்ணித் தர்றாங்களா? எடை போட்டுத்தானே தர்றாங்க! மோலும் அதேதான், எண்ண முடியாததை எடையால் எண்ணுவது. அலுமினியத்தின் அணு நிறை 27. 27 கிராம் எடுத்தால் ஒரு மோல். 54-ஐ 27-ஆல் வகுத்தால் 2 மோல். அணுக்கள் எத்தனை என்று கேட்டால் 2 × 6.022 × 10²³, அதாவது 1.2044 × 10²⁴. நிறையை மோலார் நிறையால் வகு, எண்ணிக்கை வேணும்னா அவகாட்ரோ எண்ணால் பெருக்கு. ஆக்சிஜன் வாயுவில் மட்டும் உஷார்: 16 இல்லை, 32 போடணும். ஜோடின்னு வக்கீல் சொன்னாரே!

அக்டோபர் 23-ஐ வேதியியல் பிரியர்கள் 'மோல் தினம்' என்று கொண்டாடுவாங்க. 10²³-க்காக. 2018-ல் அதே தேதியில்தான் பட்டாசில் பேரியம் உப்புகளுக்கு உச்ச நீதிமன்றம் தடை போட்டது. மத்தாப்பில் பச்சை நிறம் தந்துகிட்டிருந்த பேரியம் நைட்ரேட்டும் அதில் அடக்கம். அதன் மோலார் நிறை 261. அப்போ 522 கிராமில் எத்தனை மோல்? நோட்டை எடுங்க, போட்டுப் பாருங்க.