கல்லில் வாழும் கலைஞர்

வானளாவிய கட்டடம் ஒன்றைக் காண்போர் அதன் அழகை வியப்பர்; கட்டுவித்தவர் யாவர் எனக் கேட்டறிவர். ஆயின், அக்கட்டடத்தை முதற்கண் தம் உள்ளத்தில் எழுப்பிப் பார்த்த கலைஞரை நினைப்போர் சிலரே. தம் பெயரினும் தம் பணியே விளங்கி நிற்குமாறு வாழ்ந்த அத்தகைய கலைஞருள் ஒருவர் இங்கிலாந்து நாட்டினரான கத்பர்ட் பிராடரிக் ஆவார்.

இங்கிலாந்தின் வடபால் அமைந்தது யார்க்சயர் என்னும் பகுதி. அங்குள்ள ஹல் என்னும் துறைமுக நகரில், கப்பல் வாணிகக் குடும்பமொன்றில், 1821ஆம் ஆண்டு பிராடரிக் பிறந்தார். அக்காலத்தில் கட்டடக் கலையை விரும்பும் இளைஞர், தேர்ந்த கலைஞர் ஒருவரிடம் பல்லாண்டு உடனிருந்து பயில்வது வழக்கம். பிராடரிக்கும் 1837ஆம் ஆண்டில் லாக்வுட் என்னும் கலைஞரை அடைந்து, கோடு வரைதல் முதல் கல் தேர்தல் ஈறாக அனைத்தையும் கற்றார். பின்னர் 1844ஆம் ஆண்டில் பிரான்ஸ், இத்தாலி ஆகிய நாடுகளுக்குச் சென்று, ஆங்குள்ள மாளிகைகளையும் தூண்களையும் மாடங்களையும் கூர்ந்து நோக்கினார். ஊர் திரும்பியதும் தனியே தொழில் தொடங்கினார்.

அந்நாளில் லீட்ஸ் நகரம் கம்பளி நெசவால் பெருஞ்செல்வம் எய்தியிருந்தது. ஆயினும், நகரின் பெருமைக்கேற்ற பொது மண்டபம் ஒன்று அதற்கு இல்லை. அண்டை நகரான பிராட்போர்டோ லாக்வுட்டின் திட்டப்படி பெருமண்டபம் ஒன்றை எழுப்பிக்கொண்டிருந்தது. அதனைக் கண்ட லீட்ஸ் நகரத்தார், 1852ஆம் ஆண்டில் நகர மண்டபத்திற்கான வரைபடப் போட்டி ஒன்றினை அறிவித்தனர். இலண்டன் நாடாளுமன்ற மாளிகைக்கு வடிவம் தந்த சர் சார்லஸ் பாரி வரைபடங்களை மதிப்பிட்டார். முதற் பரிசு பிராடரிக்கிற்குக் கிடைத்தது. இரண்டாம் பரிசு யாருக்குக் கிடைத்தது? அவருக்குக் கலை பயிற்றிய ஆசிரியர் லாக்வுட்டுக்கும் அவர்தம் கூட்டாளிக்குமே கிடைத்தது!

பரிசு கிடைத்தும் பணி எளிதில் கைகூடவில்லை. பிராடரிக்கிற்கு அப்போது வயது முப்பத்தொன்று. அத்துணைப் பெரிய கட்டடம் எதனையும் அவர் அதற்குமுன் கட்டியதில்லை. மக்கள் வரிப்பணத்தை இவ்விளைஞர் கையில் ஒப்படைத்தல் தகுமோ என நகர்மன்றத்தார் ஐயுற்றனர். அவ்வையத்தைப் போக்கியவர் பாரியே. வரைபடத்தில் விளங்கிய திறத்தை அளவுகோலாகக் கொண்டு, இவரை நம்பிப் பணியை அளிக்கலாம் என்று அவர் உறுதி கூறினார். ஆண்டின் மிகுதியினும் ஆற்றலின் மிகுதியே அன்று மதிக்கப்பெற்றது.

1853ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அடிக்கல் நாட்டப்பெற்றது. இடையே இடர்கள் பல நேர்ந்தன. கோபுரம் வேண்டுமா, அது வீண் செலவா என்று நகர்மன்றத்தில் நெடுநாள் வழக்காடினர். ஒப்பந்தக்காரர் பொருள் இழந்து நொடித்துப் போனார். தொடக்கத்தில் மதிப்பிட்ட தொகையைக் கடந்து, செலவு நூறாயிரம் பவுனுக்கு மேல் வளர்ந்தது. எனினும் பிராடரிக் தளரவில்லை. நெடிய தூண்கள் அணிவகுத்து நிற்க, 225 அடி உயரக் கோபுரத்தைத் தாங்குமாறு அம்மண்டபம் உருவாயிற்று. அதனுள் அமைந்த பேரவைக் கூடம் மட்டும் 161 அடி நீளமும் 72 அடி அகலமும் 75 அடி உயரமும் உடையது. 1858ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் விக்டோரியா மகாராணியார் நேரில் வந்து மண்டபத்தைத் திறந்து வைத்தார்.

பிராடரிக்கின் கலை அழகோடு பயனையும் கருதியது. இதற்குச் சான்று, லீட்ஸ் நகரில் 1861ஆம் ஆண்டு முதல் 1863ஆம் ஆண்டு வரை அவர் எழுப்பிய தானியச் சந்தை மாளிகையாகும். நீள்வட்ட வடிவான அம்மாளிகையின் மீது பெரிய குவிமாடம் கவிந்துள்ளது. தானியத்தின் நிறத்தையும் தரத்தையும் ஆய்ந்தே வணிகர் விலை பேசுவர். கதிரவனின் நேரொளி பட்டால் கண் கூசும். நிறமும் மாறித் தோன்றும். வடதிசை வானின் ஒளியோ சீரானது. ஆதலின், குவிமாடத்தின் வடபுறத்தே பெரிய கண்ணாடிப் பரப்பினை அமைத்தார். ஒளியையும் ஒரு கட்டடப் பொருளாகக் கொண்ட அவர்தம் நுண்ணறிவு போற்றத்தக்கது.

அதன்பின், தொழிலாளர் கல்வி பெறுதற்பொருட்டு லீட்ஸில் ஒரு கழகக் கட்டடத்தை அமைத்தார். அக்கட்டடம் 2008ஆம் ஆண்டு முதல் நகர அருங்காட்சியகமாக விளங்குகின்றது. ஸ்கார்பரோ என்னும் கடற்கரை நகரில் அவர் கட்டிய பெருவிடுதி 1867ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. நான்கு பருவங்களுக்கு நான்கு கோபுரங்கள், பன்னிரு திங்களுக்குப் பன்னிரு தளங்கள், ஐம்பத்திரண்டு வாரங்களுக்கு ஐம்பத்திரண்டு புகைபோக்கிகள், ஆண்டின் நாள்களுக்கு 365 அறைகள் என்று அதன் அமைப்பினைக் கூறுவர். பிறந்த ஊராகிய ஹல்லில் அவர் கட்டிய நகர மண்டபம் மட்டும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடிக்கப்பட்டது.

இத்துணைப் புகழ் பெற்றும், பின்னர் அவர் கலந்துகொண்ட பெரும் போட்டிகள் பலவற்றில் வெற்றி வாய்க்கவில்லை. ஐம்பது வயதை எட்டுமுன்னரே தம் தொழிலைத் துறந்து, பாரிஸ் நகர் சென்று தங்கினார். ஓவியம் தீட்டுவதிலும் தோட்டம் பேணுவதிலும் காலம் கழித்தார். இறுதியில் ஜெர்சித் தீவில் வாழ்ந்து, 1905ஆம் ஆண்டில், எண்பத்து மூன்றாம் வயதில் இயற்கை எய்தினார். உயர்ந்த நிலையில் தொழிலைக் கைவிட்ட அவரை நாளடைவில் பலரும் மறந்தனர்.

ஆயினும், லீட்ஸ் நகரின் பெயரைக் கேட்ட அளவில் மக்கள் மனக்கண்முன் தோன்றுவது பிராடரிக் எழுப்பிய கோபுரமே. அவர் தம் தொழிலில் ஈடுபட்டிருந்த காலம் இருபத்தைந்து ஆண்டுகளுக்குட்பட்டதே. அவர்தம் பணியோ நூற்றைம்பது ஆண்டுகளைக் கடந்து நிற்கின்றது. இளமை தகுதிக்குத் தடையன்று. வாய்ப்பு வந்துழி அதனைத் தாங்குதற்குரிய பயிற்சியை முன்னரே பெற்றிருத்தல் வேண்டும். மாணவர்களே! இவ்வுண்மையைப் பிராடரிக்கின் வாழ்வு நமக்கு இனிது உணர்த்துகின்றது அன்றோ?